பனி ரோட்டில் எந்தக் கார் நல்லது?

கனடா குளிர் நாடு.

குளிர்காலம் வந்துவிட்டால் அங்கு பனி கொட்டும். கூரை வெள்ளை. மரம் வெள்ளை. ரோடும் வெள்ளை!

அந்த நாட்டின் டொராண்டோ நகரில் ஏராளமான தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து சென்று குடியேறியவர்கள்.

அவர்கள் பிறந்த ஊரில் மணல் சுடும். குடியேறிய ஊரில் மூச்சுவிட்டால் புகை பறக்கும். அங்கு கார் இல்லாமல் குடும்பம் நடத்துவது கஷ்டம். பனியில் கார் ஓட்டுவது அதைவிடக் கஷ்டம்!

அங்கு இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள்.

கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. விடியும் நேரத்தில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவார்.

பழைய கார் ஓய்ந்துவிட்டது. வேறு கார் வாங்கவேண்டும்.

"இஞ்சாருங்கோ, போன வருஷம் கார் பனியில புதைஞ்சு நான் பட்ட பாடு போதும். இந்த முறை நாலு சக்கரமும் இழுக்கிற காரே எடுப்பம்" என்கிறார் மனைவி.

"அதுக்குக் காசு கூட. பக்கத்து வீட்டு அண்ணர் இருபது வருஷமா முன் சக்கரக் கார்தானே ஓடுறார்? அவருக்கு என்ன நடந்தது?" என்கிறார் கணவன்.

அப்போது மனைவியின் தம்பி டெலிபோனில் யோசனை சொல்கிறார்: "அத்தான், நாலு சக்கரக் காரையே எடுங்கோ. பிறகு பனி டயர் வாங்கத் தேவையில்லை. அந்தக் காசு மிச்சம்!"

இந்த மூவரில் யார் சொல்வது சரி?

மனைவி சொல்வதில் பாதி உண்மை. கணவன் சொல்வதிலும் பாதி உண்மை. ஆனால் தம்பி சொன்ன யோசனை இருக்கிறதே, அது ஆளையே கொன்றுவிடும்!

ஏன் என்று பார்ப்போம்.

மூன்று வகைக் கார்கள்

"எல்லாக் காருக்கும் நான்கு சக்கரம்தானே? நான்கும்தானே ஓடுகின்றன?" என்று நீங்கள் கேட்கலாம்.

நான்கும் உருளுவது உண்மை. ஆனால் நான்கையும் எஞ்சின் சுழற்றுவது இல்லை. பல கார்களில் எஞ்சின் இரண்டு சக்கரங்களை மட்டும் சுழற்றும். மற்ற இரண்டும் சும்மா கூடவே உருண்டு வரும்.

நம் ஊரில் ஓடிய அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எஞ்சின் இருப்பது முன்னால். ஆனால் அது சுழற்றுவது பின் சக்கரங்களை. பின்னால் இருந்து ஒருவர் தள்ளுவது போல அந்தக் கார் ஓடும்.

1983-ம் ஆண்டில் வந்த மாருதி 800 அப்படி அல்ல. அதில் எஞ்சின் முன் சக்கரங்களைச் சுழற்றியது. மாடு வண்டியை முன்னால் நின்று இழுக்கிறது அல்லவா? அதுபோல அந்தக் கார் ஓடியது. இதுதான் முன் சக்கரக் கார்.

ஜீப் மூன்றாவது வகை. சேற்றிலும் மலையிலும் போகும்போது அதன் நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும். முன்னால் இரண்டு பேர் இழுக்க, பின்னால் இரண்டு பேர் தள்ளுவது போல! இதுதான் நான்கு சக்கரக் கார்.

இப்போது வரும் பல நான்கு சக்கரக் கார்களில் ஒரு தந்திரம் இருக்கிறது. நல்ல ரோட்டில் அவற்றின் முன் சக்கரங்களுக்குத்தான் பெரும்பாலான சக்தி போகும். முன் சக்கரம் வழுக்கியதும், கண் இமைக்கும் நேரத்தில் பின் சக்கரங்களுக்கும் சக்தி போய்ச் சேரும். ஓட்டுகிறவர் எதையும் தொடவேண்டியது இல்லை.

பாசிப் படி

பனியில் கார் ஏன் வழுக்குகிறது?

பாசி பிடித்த குளத்துப் படியில் இறங்கியிருக்கிறீர்களா? காலில் பலம் இருக்கும். ஆனால் படி காலைப் பிடித்துக் கொள்ளாது. சர்ரென்று வழுக்கும்!

காரும் அப்படித்தான். எஞ்சினில் எத்தனை குதிரைச் சக்தி இருந்தாலும், ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்கு டயர்களே. அதிலும் ஒவ்வொரு டயரிலும் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான்.

அந்த நான்கு உள்ளங்கைகள்தான் காரை ஓட வைக்கின்றன. அவைதான் திருப்புகின்றன. அவைதான் நிறுத்துகின்றன.

காய்ந்த ரோட்டில் அவற்றின் பிடி இரும்புப் பிடி. மழை பெய்தால் பிடி குறையும். இறுகிய பனியில் கால் பங்குக்கு வந்துவிடும். கண்ணாடி போன்ற பனிக்கட்டியில் அதிலும் பாதி!

பனி ரோட்டில் கார் ஓட்டுவது என்பது, இந்தக் கொஞ்சம் பிடியைச் சிக்கனமாகச் செலவு செய்வதுதான்.

முன் சக்கரத்தின் பலம்

பின் சக்கரக் கார் பனியில் அதிகம் திணறும். கனமான எஞ்சின் முன்னால் இருக்கிறது. தள்ளும் சக்கரமோ பின்னால் இருக்கிறது. அதன் மேல் பாரம் போதாது. ஆகவே அது பிடி இல்லாமல் சுற்றும். அதனால்தான் பனி நாட்டு மக்கள் அந்தக் கார்களின் பின்பெட்டியில் மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள்!

முன் சக்கரக் காருக்கு மணல் மூட்டை தேவை இல்லை. எஞ்சினே மூட்டை! அதன் கனம் முழுவதும் இழுக்கும் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காரின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு முன் சக்கரங்களின் மேல் இருக்கும். அதனால் பனியை நன்றாகப் பிடிக்கும்.

ஸ்வீடன் நாட்டில் சாப் என்ற விமானக் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனி 1949-ம் ஆண்டின் கடைசியில் கார் செய்து வெளியிடத் தொடங்கியது. ஸ்வீடன் பனி நாடு. அதற்கு ஏற்றதாக முன் சக்கரக் காரையே செய்தார்கள்.

மான்டி கார்லோ போட்டி என்று ஒரு கார் போட்டி உண்டு. ஜனவரி மாதத்தில், ஆல்ப்ஸ் மலையின் பனிப் பாதைகளில் நடக்கும். 1962-லும் 1963-லும் எரிக் கார்ல்சன் என்ற வீரர் சின்னஞ்சிறு சாப் காரில் அந்தப் போட்டியை வென்றார். 1964-ல் இன்னொரு சின்னக் கார் வென்றது. அது இங்கிலாந்தின் மினி கார். அதுவும் முன் சக்கரக் கார்தான்!

பெரிய எஞ்சின் வைத்த கார்கள் எல்லாம் பின்தங்கிவிட்டன.

இரண்டு வேலை

ஆனால் முன் சக்கரக் காருக்கு ஒரு குறை உண்டு.

காரை இழுப்பதும் முன் சக்கரம்தான். திருப்புவதும் முன் சக்கரம்தான். ஒரே டயருக்கு இரண்டு வேலை!

வளைவில் திரும்பும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால், டயர் தன் பிடி முழுவதையும் இழுப்பதில் செலவு செய்துவிடும். திருப்புவதற்குப் பிடி மிஞ்சாது. ஸ்டீரிங்கை வளைத்தாலும் கார் வளையாது. நேராகப் போய்ப் பள்ளத்தில் விழும்.

மேட்டில் ஏறும்போது இன்னொரு கஷ்டம். காரின் பாரம் பின்பக்கம் சாயும். முன் சக்கரம் லேசாகிவிடும். அங்கேயே நின்று சுற்றும். அந்த மனைவி போன வருஷம் பட்ட பாடு இதுதான்.

பின்லாந்தில் நடந்தது

1977-ம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் ஆடி கம்பெனிக்காரர்கள் பின்லாந்து நாட்டுக்குப் போனார்கள். தங்கள் புதிய கார்களைப் பனியில் ஓட்டிப் பார்ப்பதற்காகப் போனார்கள்.

கார்களோடு ராணுவத்துக்கான ஒரு வண்டியும் போயிற்று. இல்டிஸ் என்று பெயர். ஜீப் போன்றது. நான்கு சக்கரமும் இழுப்பது. எஞ்சின் 75 குதிரைச் சக்திதான்.

ஆனால் பனியில் நடந்ததைப் பார்த்து எல்லோருக்கும் ஆச்சரியம். அதிக சக்தி உள்ள முன் சக்கரக் கார்களை எல்லாம் இந்த வண்டி முந்திவிட்டது!

"இதையே ஒரு காரில் செய்தால் என்ன?" என்று இன்ஜினீயர் யோர்க் பென்சிங்கர் எண்ணினார். வேலை தொடங்கியது.

1978-ம் ஆண்டு ஜனவரியில் சோதனைக் கார் ஆஸ்திரியாவின் டுராகர் ஹோஹே என்ற மலைப் பாதையில் ஏறியது. மிகவும் செங்குத்தான பாதை. சில இடங்களில் 100 மீட்டர் முன்னேறினால் 23 மீட்டர் உயரம் ஏறவேண்டும். பாதை முழுவதும் பனி. காரில் இருந்ததோ சாதாரணக் கோடைக்கால டயர். சங்கிலிகூடக் கட்டவில்லை.

கார் ஏறிவிட்டது!

1980-ம் ஆண்டில் அந்தக் கார் ஆடி குவாட்ரோ என்ற பெயரில் ஜெனீவா கண்காட்சிக்கு வந்தது. 1984-ம் ஆண்டு மான்டி கார்லோ போட்டியில் முதல் மூன்று பரிசுகளையும் குவாட்ரோ கார்களே தட்டிச் சென்றன. ஜப்பானின் சுபாரு கம்பெனி அதற்கும் முன்பே, 1972-ல், நான்கு சக்கரமும் இழுக்கும் குடும்பக் காரை விற்பனைக்குக் கொண்டு வந்திருந்தது.

இன்று உலகம் முழுவதும் குடும்பங்கள் நான்கு சக்கரக் கார் வாங்குகின்றன.

ஆக, பனியில் கிளம்புவதற்கும் மேட்டில் ஏறுவதற்கும் நான்கு சக்கரக் கார்தான் சிறந்தது. இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. அந்தச் சோதனைக் கார் மலையில் ஏறியது சரி. இறங்கும்போது?

தேரும் முட்டுக்கட்டையும்

நம் ஊர்த் தேரைப் பாருங்கள்.

வடத்தைப் பிடித்து இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். இன்னும் ஆயிரம் பேர் வந்தால் தேர் இன்னும் வேகமாக நகரும். ஆனால் தேரை நிறுத்துவது யார்? இழுப்பவர்களா? இல்லை. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறாரே, அவர்தான் நிறுத்துகிறார்.

ஆள் அதிகமாக இழுத்தால் தேர் சீக்கிரம் நிற்குமா? நிற்காது!

காரிலும் இதே கதைதான்.

எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. முன் சக்கரக் காருக்கும் நான்கு பிரேக். நான்கு சக்கரக் காருக்கும் நான்கு பிரேக். பிரேக்கை மிதித்த பிறகு எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றியது என்பது கணக்கில் வராது. டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடி ஒன்றுதான் கணக்கு.

நிறுத்தும் விஷயத்தில் நான்கு சக்கரக் காருக்கு ஒரு சலுகையும் கிடையாது. கூடுதல் இரும்பு இருப்பதால் அதன் எடைதான் சற்று அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு

இரண்டு கார்கள் இருக்கின்றன. இரண்டும் 1500 கிலோ. ஒன்று முன் சக்கரக் கார். மற்றது நான்கு சக்கரக் கார்.

சாதாரண டயர் பனியில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பனி டயர் பத்தில் மூன்று பங்கு பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு சக்கரக் காருக்குச் சாதாரண டயர் போடுகிறோம். முழு எடையும் இழுக்க உதவும். ஆகவே இழுக்கும் பிடி 300 கிலோ.

முன் சக்கரக் காருக்குப் பனி டயர் போடுகிறோம். முன்பக்கத்து எடையான 900 கிலோதான் இழுக்க உதவும். அதில் பத்தில் மூன்று பங்கு, 270 கிலோ.

300-க்கும் 270-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பனி டயர் போட்ட முன் சக்கரக் கார், ஏறக்குறைய நான்கு சக்கரக் காரைப் போலவே கிளம்பும்!

இப்போது பிரேக்கை மிதிப்போம். இரண்டு கார்களிலும் 1500 கிலோ எடையும் நிறுத்த உதவும்.

சாதாரண டயர் போட்ட நான்கு சக்கரக் காரின் நிறுத்தும் பிடி 300 கிலோ. பனி டயர் போட்ட முன் சக்கரக் காரின் நிறுத்தும் பிடி 450 கிலோ. ஒன்றரை மடங்கு!

பதினாறு மீட்டர்

இரண்டு கார்களும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. எதிரே ஒரு குழந்தை ரோட்டில் வழுக்கி விழுந்துவிடுகிறது. இருவரும் ஒரே இடத்தில் பிரேக்கை மிதிக்கிறார்கள்.

பனி டயர் போட்ட முன் சக்கரக் கார் 33 மீட்டரில் நிற்கும்.

சாதாரண டயர் போட்ட நான்கு சக்கரக் கார் 49 மீட்டர் போய்த்தான் நிற்கும்.

வித்தியாசம் 16 மீட்டர். நான்கு கார்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு!

இன்னொன்றும் கேளுங்கள். முதல் கார் முழுவதும் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது, அதன் வேகம் மணிக்கு சுமார் 29 கிலோமீட்டர். குழந்தை அந்த இடத்துக்குச் சற்று அப்பால் கிடந்தால்?

தம்பி மிச்சப்படுத்தச் சொன்ன காசு இந்தப் பதினாறு மீட்டருக்கான விலைதான்!

ஏமாற்றும் துணிச்சல்

நான்கு சக்கரக் காரில் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

முன் சக்கரக் கார் கிளம்பும்போதே வழுக்கும். "ரோடு மோசம், ஜாக்கிரதை!" என்று அதுவே எச்சரித்துவிடும். ஓட்டுகிறவர் பயந்து மெதுவாகப் போவார்.

நான்கு சக்கரக் கார் வழுக்காமல் கிளம்பும். ஜம்மென்று வேகம் எடுக்கும். "ரோடு நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஓட்டுகிறவர் நினைப்பார். ரோடு எப்படி என்பது முதல் தடவை பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும். அப்போது காலம் கடந்திருக்கும்.

கார் கெட்டது அல்ல. கார் கொடுக்கும் துணிச்சல்தான் கெட்டது.

பனி டயர் என்ன செய்யும்?

சாதாரண டயரின் ரப்பர் குளிரில் விறைத்துவிடும். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனாலே அது இறுக ஆரம்பிக்கும். விறைத்த ரப்பர் ரோட்டைப் பிடிக்காது.

பனி டயரின் ரப்பர் வேறு கலவை. கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும். அதன் மேல் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வெட்டின் ஓரமும் பனியைக் கவ்விக்கொள்ளும். பெரிய பள்ளங்களில் பனி போய் அடைந்துகொள்ளும். பனியைப் பனி பிடிக்கும். இரண்டு பனி உருண்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒட்டிக்கொள்கின்றன அல்லவா? அதே சங்கதிதான்!

1934-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ரப்பர் கம்பெனி ஒன்று லாரிகளுக்காகப் பனி டயரைச் செய்தது. 1936-ல் கார்களுக்கும் செய்தது. அதன் வழி வந்ததுதான் இன்றைய நோக்கியன் டயர்ஸ் கம்பெனி.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008-ம் ஆண்டு முதல் குளிர்காலத்தில் பனி டயர் கட்டாயம். இப்போது டிசம்பர் 1-ந் தேதி முதல் மார்ச் 15-ந் தேதி வரை அந்தச் சட்டம் நடப்பில் இருக்கும். "என் கார் நான்கு சக்கரக் கார்" என்று சொல்லி யாரும் தப்ப முடியாது. ஸ்வீடனிலும் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ரோட்டில் பனி இருந்தால் பனி டயர் கட்டாயம்.

டொராண்டோ இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில். அங்கு கட்டாயம் இல்லை. ஆனால் பனி டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு முதல் விதி இருக்கிறது.

டயர் வாங்கும்போது

பக்கவாட்டில் ஓர் அடையாளம் பாருங்கள். மூன்று சிகரம் உள்ள மலை. அதற்குள் ஒரு பனிப்பூ. இந்தப் படம் இருந்தால், பனியில் சோதித்துத் தேறிய டயர்.

நான்கு டயரையும் மாற்றுங்கள். "இழுப்பது முன் சக்கரம்தானே, இரண்டு போதும்" என்று நினைக்காதீர்கள். முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கினால், கார் பம்பரமாகச் சுற்றிவிடும்!

டயரின் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் பனி ரோட்டுக்கு ஆகாது. குளிரில் டயரின் காற்றழுத்தமும் குறையும். அடிக்கடி சரிபாருங்கள்.

"இரண்டு செட் டயரா? செலவு ஆயிற்றே!" என்று மலைக்க வேண்டாம். பனி டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் வீட்டில் ஓய்வெடுக்கிறது. ஒவ்வொன்றும் அதிக நாள் உழைக்கும்.

யாருக்கு எந்தக் கார்?

உங்கள் வீடு மேட்டில் இருக்கிறதா? வீட்டுக்குப் போகும் பாதையில் பனி அகற்றும் வண்டி தாமதமாக வருகிறதா? கிராமத்துப் பாதையில் தினமும் போகவேண்டுமா? அப்படியானால் நான்கு சக்கரக் கார் வாங்குங்கள். அதற்கும் பனி டயர் போடுங்கள். அதைவிடச் சிறந்த ஜோடி இல்லை.

நகரத்தில் வசிக்கிறீர்களா? ரோடு சமதளமா? பனி அகற்றும் வண்டி சீக்கிரம் வந்துவிடுமா? அப்படியானால் முன் சக்கரக் காரும் பனி டயரும் போதும். கார் விலையும் குறைவு. பெட்ரோலும் சற்று மிச்சம்.

கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் டயர். அப்புறம்தான் மற்ற இரண்டு சக்கரங்கள்!

ஓட்டுவது எப்படி?

நல்ல காரும் நல்ல டயரும் இருந்தால் மட்டும் போதாது. ஓட்டும் விதமும் முக்கியம். பதறாத காரியம் சிதறாது. பனி ரோட்டுக்கு இதுவே மந்திரம்.

வேகத்தைக் குறையுங்கள். வேகம் இரண்டு மடங்கானால், நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் 49 மீட்டர் போய் நிற்கும் கார், 25 கிலோமீட்டர் வேகத்தில் 12 மீட்டரில் நின்றுவிடும்.

முன்னால் போகும் காருக்கும் உங்களுக்கும் இடையே வழக்கத்தைப் போல மூன்று மடங்கு இடம் விடுங்கள்.

வளைவு வருவதற்கு முன்பே, நேராகப் போகும்போதே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக் போடாதீர்கள்.

ஸ்டீரிங்கைத் திருப்பியும் கார் திரும்பவில்லையா? ஆக்சிலேட்டரில் இருந்து மெதுவாகக் காலை எடுங்கள். ஸ்டீரிங்கை மேலும் மேலும் வளைக்காதீர்கள். டயருக்குப் பிடி திரும்பியதும் கார் சொன்னபடி கேட்கும்.

காரின் பின்பக்கம் ஒதுங்குகிறதா? அது எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டீரிங்கை மெல்லத் திருப்புங்கள்.

பாலத்தில் ஜாக்கிரதை! பாலத்துக்கு மேலும் குளிர்காற்று, கீழும் குளிர்காற்று. ஆகவே மற்ற ரோட்டுக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டி மெல்லிய கண்ணாடி போல இருக்கும். கறுப்பு ரோடுதான் தெரியும். பனிக்கட்டி இருப்பது கண்ணுக்கே தெரியாது.

ரோட்டில் உப்புத் தூவியிருக்கிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். கடுங்குளிரில் உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும்.

காரில் மண்வாரி, கொஞ்சம் மணல், கம்பளி, டார்ச் விளக்கு, தண்ணீர் வைத்திருங்கள். பனியில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு நடந்து போகாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு உட்காருவதற்கு முன், பின்னால் உள்ள புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் விஷப்புகை காருக்குள் வந்துவிடும். அதற்கு வாசனை இல்லை. தூங்குவது போலவே உயிர் போய்விடும்!

வீடு திரும்பும் நேரம்

மறுபடியும் அந்தக் குடும்பத்துக்கு வருவோம்.

அவர்கள் வசிப்பது நகரத்துக்குள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் பெரிய மேடு இல்லை. பனி அகற்றும் வண்டியும் வந்துவிடும். கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள்.

முன் சக்கரக் கார் வாங்கினார்கள். மிச்சமான பணத்தில் நான்கு பனி டயர் வாங்கினார்கள்.

"தம்பி, நீர் இப்ப ஓடுற நாலு சக்கரக் காருக்கும் முதல்ல டயரை மாத்தும்" என்று கணவன் டெலிபோனில் சொன்னார்.

விடியற்காலை. இருட்டு இன்னும் விலகவில்லை. ரோடு முழுவதும் வெள்ளை. இரவு வேலை முடிந்து மனைவி காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வருகிறார். தெருமுனையில் சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதிக்கிறார்.

கார் நிற்கிறது.

வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அது போதும்!